வளைவே இல்லாத வில்லை

ஆங்கிலத்தில் லென்ஸ் என்கிறோமே, அந்தச் சொல் நம் சமையலறைக்கு மிக அருகிலிருந்து வந்தது. இலத்தீன் மொழியில் லென்ஸ் என்றால் நாம் மைசூர்ப் பருப்பு என்று சொல்லும் சிறு பருப்பு. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும் அதன் உருவத்தைப் பார்த்து, அதே வடிவில் தேய்த்த கண்ணாடிக்கும் அப்பெயரை வைத்தார்கள். தமிழில் நாம் வைத்த பெயர் வில்லை. கற்பூர வில்லை, மருந்து வில்லை என்று சொல்லும்போது நம் மனத்தில் தோன்றுவது தட்டையான சிறு வட்டம். பருப்பு வடிவக் கண்ணாடிக்கு இந்தப் பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றே இதுவரை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக ஒளியியல் ஆய்வுக்கூடங்களில் உருவாகிவரும் புதிய லென்ஸ்களைப் பார்த்தால், தமிழ்ப் பெயர்தான் சரியோ என்று தோன்றுகிறது. அவை முற்றிலும் தட்டையானவை. ஆயினும் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கின்றன. இவற்றை மெட்டாலென்ஸ் என்கிறார்கள். மீப்பொருள் வில்லை என்று நாம் சொல்லலாம்.

வளைவு இல்லாத ஒரு தகடு ஒளியை எப்படிக் குவிக்கும்? பத்தாம் வகுப்புக் கணிதமும் சிறிது தாள ஞானமும் இருந்தால் இதைப் புரிந்துகொள்ள முடியும். அதோடு, இதன் நடுநாயகமான ஒரு கருத்து நாம் வாழும் இதே பெங்களூரில் ஓர் இளைஞரின் கையால் எழுதப்பட்டது. அதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணாடி வில்லை செய்யும் வேலை

தொலைவிலுள்ள விளக்கிலிருந்து வரும் ஒளி, வில்லையின் முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. வில்லைக்கு அப்பால் குவியம் என்னும் ஒரு புள்ளியில் அது சேர வேண்டும். வில்லையின் நடுவிலிருந்து குவியத்துக்கு உள்ள வழி குறுகியது. ஓரத்திலிருந்து உள்ள வழி நீண்டது. எவ்வளவு நீண்டது? பிதாகரஸ் தேற்றம் விடை சொல்லும்.

குவியத் தொலைவு 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வில்லையின் ஆரம் 5 மில்லிமீட்டர். 5, 12 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 25 + 144 = 169. அதன் வர்க்கமூலம் 13. ஆகவே நடுவிலிருந்து வரும் ஒளி 12 மி.மீ. வழி நடக்கிறது, ஓரத்திலிருந்து வருவது 13 மி.மீ. நடக்கிறது. வித்தியாசம் 1 மி.மீ.

இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமானால், குறுக்கு வழியில் வருவதைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டும். கண்ணாடி அதைத்தான் செய்கிறது. கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகச் செல்லும். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. அதாவது 1 மி.மீ. கண்ணாடியைக் கடக்கும் நேரத்தில் காற்றில் 1.5 மி.மீ. சென்றிருக்கும். ஆகவே 1 மி.மீ. கண்ணாடி அரை மி.மீ. தாமதம் தரும். நமக்கு வேண்டிய தாமதம் 1 மி.மீ. எனவே நடுப்பகுதி ஓரத்தைவிடச் சுமார் 2 மி.மீ. அதிகம் தடித்திருக்க வேண்டும். பருப்பு வடிவம் வந்த காரணம் இதுதான். வில்லையின் வளைவு என்பது உண்மையில் ஒரு தாமத அட்டவணை. எந்த இடத்தில் எவ்வளவு தாமதம் என்பதைக் கண்ணாடியின் தடிப்பால் எழுதி வைத்திருக்கிறோம்.

தாளக் கணக்கு

ஒளி ஓர் அலை. அதன் மேடு பள்ளங்கள் மாறி மாறி வருகின்றன. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை உள்ள நீளம் அலைநீளம். நீலப்பச்சை ஒளிக்கு இது 500 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 2000இல் ஒரு பங்கு. நாம் கணக்கிட்ட 1 மி.மீ. வித்தியாசம் 2000 முழு அலைகளுக்குச் சமம்.

இங்கேதான் ஒரு சலுகை கிடைக்கிறது. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தைக் கவனித்திருப்பீர்கள். மிருதங்கமும் கடமும் தனித்தனியே எத்தனை ஆவர்த்தனம் வாசித்தன என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கடைசியில் இருவரும் சமத்தில் வந்து சேர்ந்தால் கைதட்டுகிறோம். ஒருவர் ஒரு முழு ஆவர்த்தனம் கூடுதலாக வாசித்துவிட்டு வந்தாலும் சமம் சமம்தான். பாதி ஆவர்த்தனம் தவறி வந்தால்தான் தாளம் கெடும்.

ஒளி அலைகளும் அப்படியே. குவியத்தில் எல்லா அலைகளின் மேடுகளும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒளி வலுக்கும். மேடும் பள்ளமும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முழு அலைகளின் எண்ணிக்கை முக்கியமல்ல. மிச்சம் நிற்கும் பின்னமே முக்கியம். 2000 அலைத் தாமதமும் 0 அலைத் தாமதமும் ஒன்றே. 1346.25 அலைத் தாமதம் வேண்டிய இடத்தில் 0.25 அலை தந்தால் போதும். அலையின் இந்தப் பின்ன நிலையைத்தான் இயற்பியலில் கட்டம் என்கிறோம்.

ஆகவே எந்த இடத்திலும் ஓர் அலைக்கு மேல் தாமதம் தேவையில்லை. தடிப்பான கண்ணாடிக்கு இனி அவசியம் இல்லை. 0 முதல் 1 அலை வரை விரும்பிய தாமதத்தை விரும்பிய இடத்தில் தரவல்ல மெல்லிய தகடு ஒன்று கிடைத்தால் போதும்.

முன்னோர் செய்த முயற்சிகள்

வில்லையின் தடிப்பைக் குறைக்கும் எண்ணம் புதிதன்று. பிரெஞ்சு நாட்டு ஃபிரெனல், கலங்கரை விளக்கங்களுக்காகக் கண்ணாடியை வட்ட வட்டப் படிகளாக வெட்டி, தேவையற்ற தடிப்பை நீக்கினார். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அவருடைய வில்லை பொருத்தப்பட்டது. பள்ளிகளில் பயன்பட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டரின் மேற்பரப்பில் நெருக்கமான வட்டக் கோடுகளைப் பார்த்திருப்பீர்களே, அது இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்டலத் தகடு என்னும் மற்றொரு வகை வந்தது. தாளத்துக்கு ஒத்துவரும் ஒளியை மட்டும் விட்டு, ஒத்துவராததைக் கறுப்பு வளையங்களால் மறைத்துவிடுவது இதன் முறை. தட்டையானதுதான், ஆனால் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே முதன்மைக் குவியத்துக்குப் போகிறது. தாளம் தவறியவரைத் திருத்தாமல் மேடையைவிட்டு இறக்குவது போன்றது இது. மறைக்காமல் திருத்துவது எப்படி என்பதே கேள்வி.

செயற்கைப் பொருள்கள்

ஒரு பொருள் ஒளியை எப்படி வளைக்கும் என்பது அதன் அணுக்களைப் பொறுத்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆனால் அலைநீளத்தைவிடச் சிறிய அமைப்புகளை நாமே செய்து ஒழுங்காக அடுக்கினால், அந்த அடுக்கையே அலை ஒரு புதுப்பொருளாக எடுத்துக்கொள்ளும்.

மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையை நினைத்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். இழைகள் மிக நுண்ணியவை என்பதால் கண் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு புது நிறத்தையே காண்கிறது. அலைநீளத்தைவிடச் சிறிய அமைப்பை ஒளி அலையும் அப்படித்தான் உணர்கிறது.

இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர் நம் ஜகதீச சந்திர போஸ். 1898இல் கல்கத்தாவில், முறுக்கிய சணல் கட்டுகளின் வழியே மின்காந்த அலைகளைச் செலுத்தி, அவற்றின் அதிர்வுத் தளம் திரும்புவதை அவர் காட்டினார். சணலின் வேதியியல் தன்மையன்று, அதை முறுக்கிய விதமே அலையைத் திருப்பியது. பொருளைவிட அமைப்பு முக்கியம் என்னும் கருத்துக்கு இது அழகான எடுத்துக்காட்டு.

1960களின் பிற்பகுதியில் சோவியத் நாட்டு வெசலாகோ, ஒளிவிலகல் எண் எதிர்க்குறி உடையதாக இருந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டார். அத்தகைய பொருளால் ஆன தட்டைப் பலகையே ஒளியைக் குவிக்கும் என்று கண்டார். இயற்கையில் அப்படி ஒரு பொருள் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்மித் முதலானோர் செப்பு வளையங்களையும் கம்பிகளையும் அடுக்கி, நுண்ணலைகளுக்கு இத்தகைய செயற்கைப் பொருளைச் செய்தனர். அதே ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி, எதிர்க்குறி ஒளிவிலகல் எண் கொண்ட பலகை ஒரு குறையற்ற வில்லையாக முடியும் என்று எழுதினார். மெட்டாமெட்டீரியல் என்னும் துறை அதன்பின் வேகம் பெற்றது. ஆனால் கண்ணால் காணும் ஒளிக்கு உலோகம் ஏற்றதாக இல்லை. ஒளியில் பெரும் பகுதியை அது வெப்பமாக விழுங்கிவிடுகிறது. எனவே கனமான பலகையை விட்டுவிட்டு, ஒரே ஓர் அடுக்கு மெல்லிய அமைப்பில் வேலையை முடிக்க முடியுமா என்று ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினர்.

தூண்களால் ஆன தகடு

2011இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபெடரிகோ கபாசோவின் குழுவினர் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டனர். சிலிக்கான் தகட்டின்மேல் ஆங்கில வி எழுத்து வடிவில் நுண்ணிய தங்கத் துண்டுகளை வரிசையாகப் பதித்தார்கள். ஒவ்வொரு துண்டின் கோணமும் நீளமும் சற்றே மாறியதால், அதில் பட்ட அகச்சிவப்பு ஒளியின் கட்டமும் படிப்படியாக மாறியது. பள்ளியில் படித்த ஸ்நெல் விதிப்படி நேராகச் செல்ல வேண்டிய கதிர் சாய்ந்து சென்றது. தட்டைப் பரப்பில் கட்டத்தை எழுத முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இம்முறையில் 60 நானோமீட்டர் தடிப்புள்ள தங்க வில்லையைச் செய்தனர். ஆனால் மிகச் சிறு பங்கு ஒளியே குவிந்தது.

உலோகத்துக்குப் பதிலாக ஒளியை விழுங்காத பொருள் வேண்டும். டைட்டானியம் டைஆக்சைடு கைகொடுத்தது. வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் அதே பொருள்தான். இதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.4, கண்ணாடியைவிட மிக அதிகம்.

கண்ணாடித் தகட்டின்மேல் இப்பொருளால் 600 நானோமீட்டர் உயரத்தில் கோடிக்கணக்கான தூண்களை எழுப்புவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த உயரம் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. தூண்கள் பருமனாக நெருங்கி நிற்கும் இடத்தில் ஒளி பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடுக்குள் செல்கிறது. மெலிந்து நிற்கும் இடத்தில் பெரும்பாலும் காற்றில் செல்கிறது. இரண்டு எல்லைகளுக்கும் இடையே கிடைக்கும் தாமதம் 600 × 1.4 = 840 நானோமீட்டர். நமக்கு வேண்டிய ஓர் அலை 500 நானோமீட்டர்தான். ஆகவே தூணின் பருமனை மாற்றியே 0 முதல் 1 அலை வரை எந்தத் தாமதத்தையும் பெறலாம். எல்லாத் தூண்களும் ஒரே உயரம். வளைவு எங்கும் இல்லை.

பெங்களூரில் பிறந்த கருத்து

பருமனை மாற்றாமல், ஒரே அளவுள்ள தூண்களை வைத்தே இதைச் சாதிக்கும் மற்றொரு வழியும் உண்டு. அதன் பெயரில் நமக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார்.

மேக்ரி சர்க்கிளைக் கடந்து போகும்போது ராமன் ஆய்வு நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். 1950களில் அங்கே ஆய்வு மாணவராக இருந்தவர் எஸ். பஞ்சரத்தினம். 1934இல் கல்கத்தாவில் பிறந்தவர். சர் சி.வி. ராமன் அவருக்குத் தாய்மாமன். படிகங்களின் வழியே செல்லும் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1956இல், தம் 22ஆம் வயதில், இந்திய அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் அதிர்வு நிலையை, அதாவது தளவிளைவை, படிப்படியாக மாற்றிக் கடைசியில் தொடங்கிய நிலைக்கே கொண்டுவந்தால், ஒளி அப்படியே திரும்புவதில்லை; அதன் கட்டத்தில் ஒரு மாற்றம் தங்கிவிடுகிறது என்று அதில் காட்டினார். நடந்த தூரத்தால் வந்த மாற்றமன்று அது. சென்ற பாதையின் வடிவத்தால் வந்தது.

இதை எளிமையாக விளக்க முடியும். வட்டத் தளவிளைவுற்ற ஒளியில் மின்புலம் கடிகார முள்போல் சுழல்கிறது. நீண்ட செவ்வகச் செங்கல் போன்ற ஒரு தூண், தக்க அளவில் அமைந்தால், இந்த முள்ளைத் தன் அச்சைப் பொறுத்துக் கண்ணாடியில் காண்பதுபோல் திருப்பிவிடும். வலமாகச் சுழன்றது இடமாகச் சுழலும். இப்போது தூணை 10 பாகை திருப்பி வையுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை 10 பாகை திருப்பினால் அதில் பட்டு வரும் கதிர் 20 பாகை திரும்பும் என்பதைப் பள்ளியில் படித்தோம் அல்லவா? அதே கணக்கு இங்கும் நடக்கிறது. தூண் 10 பாகை திரும்பினால் வெளிவரும் முள் 20 பாகை தள்ளி நிற்கும். சுழலும் முள் முன்னே பின்னே நிற்பது என்றால் கட்டம் மாறியது என்றே பொருள். தூணை 0 முதல் 180 பாகை வரை திருப்பினால் ஒரு முழு அலைக்கான எல்லாக் கட்டங்களும் கிடைத்துவிடும்.

இந்தக் கட்டுரையை அன்று உலகம் கவனிக்கவில்லை. பஞ்சரத்தினம் பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டிலும் பணிபுரிந்தார். 1969இல், 35 வயதில், அங்கேயே காலமானார். 1984இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயற்பியலில் இதே போன்ற வடிவியல் கட்டத்தைக் கண்டறிந்து பெரும் புகழ் பெற்றார். 1986இல் பஞ்சரத்தினத்தின் அண்ணன் ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் கரண்ட் சயன்ஸ் இதழில், இதன் முன்மாதிரி 1956ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள்ளது என்று எடுத்துக்காட்டினர். பெர்ரி அதைப் பெருந்தன்மையுடன் ஏற்று, 1987இல் பஞ்சரத்தினத்தின் சிறப்பை விளக்கித் தனிக் கட்டுரையே எழுதினார். இன்று உலகமெங்கும் பாடநூல்களில் இது பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டம் என்றே வழங்குகிறது. அந்த அங்கீகாரத்தைக் காண அவர் இல்லை.

2016ஆம் ஆண்டின் வில்லை

2016இல் கபாசோவின் குழுவினர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட வில்லை, பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. டைட்டானியம் டைஆக்சைடு தூண்கள், 600 நானோமீட்டர் உயரம், ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் திருப்பப்பட்டவை. ஊதா, பச்சை, சிவப்பு ஆகிய மூன்று நிறங்களுக்கு, 405, 532, 660 நானோமீட்டர் அலைநீளங்களில், தனித்தனி வில்லைகள் செய்தனர். அவற்றின் குவிக்கும் திறன் முறையே 86, 73, 66 சதவீதம். நல்ல நுண்ணோக்கி வில்லைக்கு ஈடாக, இயற்கை விதி அனுமதிக்கும் மிகச் சிறிய புள்ளியில் ஒளியைக் குவித்தன.

தூண்களை எப்படிச் செய்கிறார்கள்? நம் ஊர்த் தச்சரும் கொத்தரும் கான்கிரீட் தூணுக்குப் பலகை அடைத்து வார்ப்பதுபோல்தான். தகட்டில் ஒரு பிசினைப் பூசி, எலெக்ட்ரான் கற்றையால் அதில் துளைகளை வரைகிறார்கள். துளைகளில் டைட்டானியம் டைஆக்சைடை அணு அடுக்கு அடுக்காக நிரப்புகிறார்கள். மேலே படிந்ததை அரித்து எடுத்துவிட்டு, பிசினையும் நீக்கினால் தூண்கள் நிற்கும்.

எத்தனை தூண்கள் வேண்டும்? நம் 5 மி.மீ. ஆரமுள்ள வில்லைக்கே கணக்கிடுவோம். பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர மி.மீ. தூணுக்குத் தூண் 0.3 மைக்ரான் இடைவெளி என்றால் ஒரு தூணுக்கு 0.09 சதுர மைக்ரான். வகுத்தால் சுமார் 87 கோடி! சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு தகட்டில் இத்தனை தூண்களும், ஒவ்வொன்றும் தனக்குரிய கோணத்தில் நிற்க வேண்டும். எலெக்ட்ரான் கற்றையால் ஒவ்வொன்றாக வரைந்தால் காலமும் செலவும் கட்டுப்படியாகா. ஆகவே கணிப்பொறிச் சில்லுகளை அச்சிடும் புறஊதா ஒளி முறைக்கு ஆய்வாளர்கள் மாறினர். இம்முறையில் 2019இல் 1 செ.மீ. விட்டமுள்ள வில்லையையும், 2024இல் 10 செ.மீ. விட்டமுள்ள வில்லையையும் ஹார்வர்டு குழுவினர் முழுக்கக் கண்ணாடியிலேயே செய்து காட்டினர். பின்னதில் 1870 கோடி நுண் தூண்கள் உள்ளன. அதைக் கொண்டு சூரியனையும் சந்திரனையும் படமெடுத்தனர்.

நிறத்தில் உள்ள சிக்கல்

இவ்வளவு சிறப்பு இருந்தும் கண்ணாடிக் கடைகளில் ஏன் இன்னும் பருப்பு வடிவ வில்லையே விற்கிறது? நாம் பெற்ற சலுகைக்கு ஒரு விலை உண்டு.

முழு அலைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றோம். 500 நானோமீட்டர் ஒளிக்கு 1 மி.மீ. என்பது சரியாக 2000 அலைகள், மிச்சம் 0. ஆனால் 600 நானோமீட்டர் கொண்ட ஆரஞ்சு ஒளிக்கு அதே 1 மி.மீ. என்பது 1666 அலைகளும் மூன்றில் இரண்டு பங்கும். மிச்சம் மாறிவிட்டது! ஒரு தாளத்துக்குக் கணக்கிட்ட கோர்வையை வேறு தாளத்தில் வாசித்தால் சமத்தில் வந்து விழுமா?

அதனால் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு இடத்தில் குவிகிறது. குவியத் தொலைவு அலைநீளத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறும். 500 நானோமீட்டருக்கு 12 மி.மீ. என்றால், 600க்கு ஏறத்தாழ 10 மி.மீ., 400க்கு ஏறத்தாழ 15 மி.மீ. சாதாரணக் கண்ணாடி வில்லையிலும் நிறப்பிறழ்ச்சி உண்டு; ஆனால் தரமான கண்ணாடியில் நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. அதோடு, கண்ணாடியில் நீலம் அருகே குவியும். தட்டை வில்லையில் சிவப்பு அருகே குவியும். இரண்டையும் தக்கபடி சேர்த்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று நேராக்கும் என்பது இதிலுள்ள ஒரு நன்மை.

2018இல் ஹார்வர்டு குழுவினரும், தைவான், சீன ஆய்வாளர்கள் அடங்கிய மற்றொரு குழுவினரும் காணும் ஒளியின் பெரும்பகுதியை ஒரே இடத்தில் குவிக்கும் தட்டை வில்லைகளைச் செய்தனர். ஆனால் அவை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே விட்டமுள்ளவை. காரணம் தெளிவு. எல்லா நிறங்களும் சேர வேண்டுமானால் மிச்சக் கணக்கு உதவாது. முழுத் தாமதத்தையும் மெய்யாகவே கொடுத்தாக வேண்டும். நம் வில்லைக்கு அது 2000 அலைகள். 600 நானோமீட்டர் தூண் ஓரிரு அலைகளுக்கு மேல் தர முடியாது. வில்லை சிறிதானால்தான் தேவையான தாமதமும் சிறிதாகும்.

எங்கே பயன்படுகிறது?

ஒரே நிறம் போதும் என்னும் இடங்களில் இந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல. லேசர் ஒளிக்கு ஒரே நிறம்தான். செல்பேசியில் தொலைவை அளக்கும் ஒரு சிறு உணரி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஹார்வர்டு ஆய்வின் வழிவந்த மெட்டாலென்ஸ் என்னும் நிறுவனமும் எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து, 2022இல் இத்தகைய உணரிகளில் தட்டை வில்லைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து கடைத்தெருவுக்கு வர ஏறத்தாழ பத்து ஆண்டுகளே ஆயின.

மருத்துவத்தில் இதன் பயன் இன்னும் நெருக்கமானது. உடலுக்குள் செலுத்தும் நுண்குழாயின் நுனியில் வைக்கும் வில்லை மிகச் சிறியதாக இருந்தாலும் தெளிவாகக் காட்ட வேண்டும். 2018இல் ஹார்வர்டு ஆய்வாளர்களும் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையினரும் இத்தகைய நுனியைச் செய்து, செம்மறியாட்டின் மூச்சுக்குழாயில் திசுக்களைப் படமெடுத்தனர். 2021இல் பிரின்ஸ்டன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அரை மில்லிமீட்டர் அகலத்தில், 16 இலட்சம் தூண்களுடன், உப்புக்கல் அளவே உள்ள ஒரு கேமராவைக் காட்டினர். அதில் நிறப்பிழைகளை வில்லை பாதி, கணிப்பொறி பாதி என்று பங்கிட்டுத் திருத்துகிறார்கள்.

செய்தியைப் படிக்கும்போது

மூக்குக் கண்ணாடிக்கு விடை கொடுக்கும் நாள் வந்துவிட்டது என்றும், கேமரா லென்ஸ்களின் காலம் முடிந்தது என்றும் அவ்வப்போது தலைப்புகள் வருகின்றன. தடித்த கண்ணாடி அணியும் பிள்ளையை உடைய பெற்றோருக்கு அத்தகைய செய்தி எவ்வளவு ஆசை காட்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எந்த நிறத்துக்கு வேலை செய்கிறது, ஒரு நிறமா அல்லது வெள்ளொளி முழுவதுமா? விட்டம் எவ்வளவு? விழும் ஒளியில் எத்தனை சதவீதம் குவிகிறது? மூன்றுக்கும் ஒருங்கே நல்ல விடை கிடைத்தால் மகிழலாம். மூக்குக் கண்ணாடிக்கு வெள்ளொளி முழுவதும், நாலைந்து செ.மீ. அகலமும், ஏறத்தாழ முழு ஒளியும் வேண்டும். நாம் மேலே கண்ட கணக்கின்படி, ஒற்றை அடுக்குத் தூண்களால் இம்மூன்றும் ஒருங்கே கிட்டுவது கடினம். ஆகவே கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த கண்ணாடியைப் பிள்ளைகள் தள்ளிப்போடாமல் அணிந்துகொள்ளட்டும். உணரி, நுண்ணோக்கி, மருத்துவ நுண்குழாய் ஆகியவற்றில் தட்டை வில்லை தன் இடத்தைப் பிடித்து வருகிறது. அதுவே சிறிய சாதனை அன்று.

மாணவர்களுக்கு

1. குவியத் தொலைவு 15 மி.மீ., ஆரம் 8 மி.மீ. கொண்ட தட்டை வில்லையில் ஓரத்துக் கதிர் எவ்வளவு கூடுதல் வழி செல்கிறது? 500 நானோமீட்டர் ஒளிக்கு அது எத்தனை அலை? 600 நானோமீட்டருக்கு மிச்சம் எவ்வளவு?

2. பஞ்சரத்தினம்–பெர்ரி முறையில் தூணை 45 பாகை திருப்பினால் கட்டம் எவ்வளவு மாறும்?

3. 500 நானோமீட்டருக்கு 12 மி.மீ. குவியத் தொலைவுள்ள தட்டை வில்லை, 625 நானோமீட்டர் சிவப்பு ஒளியை ஏறத்தாழ எங்கே குவிக்கும்?

செய்து பார்க்க: பழைய சி.டி. ஒன்றை எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அதன் பரப்பு தட்டையானது, ஆனால் 1.6 மைக்ரான் இடைவெளியில் நுண் தடங்கள் உள்ளன. அந்த அமைப்பே நிறங்களைப் பிரித்து வளைக்கிறது. நீலத்தைவிடச் சிவப்பு அதிகம் விலகுவதையும், முப்பட்டகக் கண்ணாடியில் இது தலைகீழாக நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டை வில்லையில் சிவப்பு ஏன் அருகே குவிகிறது என்பது அப்போது விளங்கும்.

விடைகள்: 1) 17 – 15 = 2 மி.மீ.; 4000 அலைகள்; 3333 முழு அலைகள் போக மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. 2) 90 பாகை, அதாவது கால் அலை. 3) 12 × 500 ÷ 625 = 9.6 மி.மீ.